22 தோல்வி, முதல் தேர்வு

கேள்வி இதுதான். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், ஆடியதில் பாதிக்கு மேல் தோற்கிற ஓர் அணியில் இருப்பவரை மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று சொல்லலாமா? இல்லை, அவர் எடுக்கிற 20, 25 புள்ளிகள் எல்லாம் வெறும் ஏட்டுக் கணக்குதானா? கேட்டவர் உதாரணத்துக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் 2024-25 அணியைச் சொல்லியிருந்தார். டிலன் ஹார்ப்பர், ஏஸ் பெய்லி என்று இரண்டு பதினெட்டு வயதுப் பையன்கள். என்பிஏ என்பது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், அதன் அணிகள் ஆண்டுதோறும் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட். அந்த ஆண்டு என்பிஏ டிராஃப்டில் ஒருவர் 2-வது இடத்தில் போனார், இன்னொருவர் 5-வது இடத்தில். அணியோ 15 வெற்றி, 17 தோல்வி.

சொல்லலாம் என்பதுதான் என் பதில். ஆனால் புள்ளியை வைத்துச் சொல்லக்கூடாது. தோற்கும் அணியில் மிக மலிவாகக் கிடைக்கிற சரக்கு அதுதான்.

ஏன் மலிவு என்று முதலில் பார்த்துவிடலாம். பந்து ஓர் அணியின் கைக்கு வந்து போகும் ஒரு சுற்றைப் பொசஷன் என்பார்கள். 40 நிமிடக் கல்லூரி ஆட்டத்தில் ஓர் அணிக்கு இப்படி ஏறத்தாழ 70 பொசஷன் கிடைக்கும். வெல்லும் அணிக்கும் அதே 70, தோற்கும் அணிக்கும் அதே 70. ஒவ்வொன்றையும் யாராவது ஒருவர் முடித்து வைத்தாக வேண்டும். கூடையை நோக்கி எறிந்தோ, எதிராளியின் ஃபவுலால் (விதிமீறல்), யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போயோ, பந்தைப் பறிகொடுத்தோ. களத்தில் ஐந்து பேர் என்றால் தலைக்கு 20 சதவீதம் சராசரிப் பங்கு. நல்ல அணியில் நான்கு பேருக்குக் கூடை தெரியும், பங்கு பிரிந்துவிடும். மோசமான அணியில் மற்ற நால்வரும் பந்தை ஒருவரிடமே தள்ளிவிடுவார்கள். அவர் பங்கு 30, 35 என்று ஏறிவிடும். எவ்வளவு மோசமான அணியும் ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது புள்ளி எடுக்கத்தான் செய்கிறது. அதில் 22 ஒருவர் பெயரில் விழுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இதன் மறுபக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்கு கூடக்கூட ஒவ்வொரு எறிதலின் தரமும் குறையும். 15 சதவீதப் பங்கு உள்ளவர் ஆளில்லாத இடத்தில் நின்று, தோதான பந்து வந்தால் மட்டும் எறிவார். 33 சதவீதப் பங்கு உள்ளவர், எறிந்தாக வேண்டிய கெடுவைக் காட்டும் ஷாட் கிளாக்கில் 4 விநாடி மிச்சம் இருக்கும்போது, இரண்டு பேர் மேலே விழுந்து மறிக்கும் நிலையில், வேறு வழியில்லாமல் எறிவார். ஆக, தோற்கும் அணி ஒருவருடைய மொத்தப் புள்ளியை ஊதிக் காட்டுகிறது, அவருடைய சதவீதத்தை நசுக்கிக் காட்டுகிறது. ஒரே ஏட்டில் இரண்டு பொய், எதிரெதிர் திசையில்.

2015 டிராஃப்டில் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர் கார்ல்-ஆன்டனி டவுன்ஸ். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய அணி 38 ஆட்டம் தொடர்ந்து வென்று, கடைசியில் விஸ்கான்சினிடம் ஒரே ஒரு முறை தோற்றது. டவுன்ஸின் சராசரி 10.3 புள்ளி. இரண்டே ஆண்டு கழித்து 2017-ல் முதல் இடத்தில் போனவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்க்கெல் ஃபுல்ட்ஸ். சராசரி 23.2 புள்ளி, 5.7 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் பந்தைக் கைப்பற்றுவது), 5.9 அசிஸ்ட் (சகாவின் கூடைக்கு வழிவகுத்த பாஸ்). அணியின் கணக்கு 9 வெற்றி, 22 தோல்வி. 10.3 எடுத்தவரையும் 23.2 எடுத்தவரையும், 38-1 அணியில் இருந்தவரையும் 9-22 அணியில் இருந்தவரையும், என்பிஏ அணிகள் ஒரே விலைக்கு வாங்கின. அவர்கள் பார்த்தது புள்ளியையும் அல்ல, வெற்றி தோல்வியையும் அல்ல என்பது இதிலேயே தெரிகிறது.

அந்த வாஷிங்டன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஃபுல்ட்ஸ் வருவதற்கு முந்தைய ஆண்டு அந்த அணியில் டிஜான்டே மர்ரேயும் மார்க்கீஸ் கிறிஸும் இருந்தார்கள். இருவரும் ஓராண்டு ஆடிவிட்டு 2016 டிராஃப்டுக்குப் போய்விட்டார்கள். காலியான வீட்டுக்குள் ஃபுல்ட்ஸ் வந்தார். வாஷிங்டன் சேர்ந்திருந்த கல்லூரிக் குழுவான பேக்-12 பிரிவுக்குள் அணி 2 வெற்றி, 16 தோல்வி. சீசனின் கடைசி 13 ஆட்டமும் தோல்வி. முழங்கால் தொந்தரவால் அவர் ஆடியதே 25 ஆட்டம்தான். சீசன் முடிந்ததும் கோச் லொரென்சோ ரோமரைப் பல்கலைக்கழகம் நீக்கிவிட்டது.

அடுத்த ஆண்டு நடந்ததுதான் சுவாரசியம். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மைக் ஹாப்கின்ஸ் கோச்சாக வந்தார். ஃபுல்ட்ஸ் போய்விட்டார். ஜேலன் நோவெல் என்ற புதுப் பையன் வந்தார் என்பதைத் தவிர, முக்கியமான ஆட்கள் பெரும்பாலும் பழையவர்கள்தான்: மட்டீஸ் தைபுல், நோவா டிக்கர்சன், டேவிட் கிறிஸ்ப். அந்த அணி 21 வெற்றி, 13 தோல்வி. அதற்கும் அடுத்த ஆண்டு 27-9, பேக்-12 சாம்பியன்.

“பார்த்தீர்களா, நட்சத்திரம் போனதும் அணி ஜெயித்துவிட்டது” என்று அப்போதே பலர் பேசினார்கள். பாதி உண்மை. ஹாப்கின்ஸ் கொண்டுவந்தது சிரக்யூஸின் 2-3 ஜோன் டிஃபென்ஸ். முன்னால் இருவர், பின்னால் மூவர், ஆளைப் பின்தொடராமல் இடத்தைக் காப்பது. இந்த அமைப்பில் நீண்ட கைகள் உள்ள தைபுல் எதிரணியின் பாஸ்களைக் கொத்திக்கொண்டே இருந்தார். அமெரிக்காவின் தலைசிறந்த கல்லூரி டிஃபெண்டர் என்ற பெயரை 2019-ல் வாங்கினார், பிறகு என்பிஏவிலும் அதே வேலைக்காகப் பேசப்பட்டார். அந்தத் தைபுல் 9-22 அணியிலும் இருந்தார் என்பதுதான் விஷயம்! ஃபுல்ட்ஸை மட்டும் அந்த 22 தோல்விக்குப் பொறுப்பாக்கினால் தைபுலையும் ஆக்க வேண்டும். அணி தோற்றது டிஃபென்ஸ் என்ற ஒன்று இல்லாததால். அதைச் சரிசெய்ய வேண்டியது 18 வயதுப் பையன் அல்ல, கோச்.

ஆனால் ஃபுல்ட்ஸை முழுசாக விடுவிக்கவும் எனக்கு மனமில்லை. அந்த டிஃபென்ஸ் ஓட்டையில் அவருடைய பங்கும் இருந்தது. பந்து கையில் இருக்கும்போது அவ்வளவு லாவகமாக ஆடியவர், பந்து எதிராளியின் கையில் இருக்கும்போது பல சமயம் நின்று வேடிக்கை பார்த்தார். தோற்கும் அணி ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் கெட்ட பழக்கம் அது. பிற்பாடு என்பிஏவில் அவருக்கு நடந்தது வேறு கதை. தோள்பட்டை நரம்புக் கோளாறு, கல்லூரியில் த்ரீ பாயிண்டரில் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து மூன்று புள்ளி எடுப்பது) 41 சதவீதம் போட்ட கை திடீரென்று எறியவே மறந்துபோனது. “தோற்ற அணியிலிருந்து வந்தவர், அதனால்தான் தேறவில்லை” என்று அதை முடிச்சுப்போடுவது அநியாயம். என்பிஏ அணியான பாஸ்டன் 2017 டிராஃப்டின் அந்த முதல் இடத்தை இன்னோர் அணியான பிலடெல்பியாவுக்கு விட்டுக்கொடுத்து, 3-வது இடத்தில் ட்யூக்கின் ஜேசன் டேட்டமை எடுத்தது, டேட்டம் 2024-ல் கோப்பையும் வென்றார் என்பது உண்மைதான். நடந்து முடிந்த பிறகு எல்லோரும் ஜோசியர்கள்.

சரி, இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கூடைப்பந்தில் களத்தில் ஐந்தே பேர். அதில் ஒருவர் 40 நிமிடத்தில் 36 நிமிடம் களத்தில் நிற்கிறார், தாக்குதலிலும் தடுப்பிலும் இருக்கிறார். பதினொருவர் ஆடும் விளையாட்டுகளைவிட இங்கே ஒரு தனி ஆளால் முடிவை மாற்ற முடியும். 2001-ல் பிரையன் லாரா இலங்கைக்கு வந்து 3 டெஸ்டில் 688 ரன் எடுத்தார், மேற்கிந்தியத் தீவுகள் மூன்றிலும் தோற்றது. லாராவின் மேதைமையை அதனால் யாரும் சந்தேகிக்கவில்லை. அவர் பந்து வீசி முரளியைப் போல விக்கெட் எடுக்கவில்லையே என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூடைப்பந்தில் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். எதிரணி 85 புள்ளி எடுத்தபோது நீ எங்கே இருந்தாய் என்பது நியாயமான கேள்வி.

இருந்தாலும் கல்லூரி ஆட்டத்தின் விதிகள் தனி நட்சத்திரத்துக்கு எதிராகவே அமைந்திருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்பிஏவில் தடுப்பவர் ஒருவர், தன் ஆள் அருகில் இல்லாமல், கூடைக்கு அடியில் உள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் சும்மா நிற்க முடியாது. கல்லூரியில் அந்தத் தடை இல்லை, எவ்வளவு நேரமும் நின்றுகொள்ளலாம். த்ரீ பாயிண்ட் கோடும் என்பிஏவைவிடக் கூடைக்குக் கிட்ட இருக்கிறது, அதனால் இடம் இன்னும் சுருங்கிவிடுகிறது. மற்ற நால்வருக்கும் வெளியிலிருந்து எறியத் தெரியாது என்று எதிரணி கோச்சுக்குத் தெரிந்தால் போதும். ஐந்து பேரும் உள்ளே ஒடுங்கிக்கொண்டு ஒருவருக்காகவே காத்திருப்பார்கள். இல்லையென்றால் நால்வர் இடத்தைக் காக்க, ஐந்தாமவர் நட்சத்திரத்தோடு நிழலாக ஒட்டிக்கொள்ளும் பாக்ஸ்-அண்ட்-ஒன். போதாக்குறைக்கு 5 ஃபவுலிலேயே வெளியேற்றம், என்பிஏவில் 6. ஆறாவது ஃபவுல் ஒரு சின்ன எண் மாதிரித் தெரியும், ஆனால் தன் அணியில் மாற்று ஆள் இல்லாத ஒருவர் ஏன் டிஃபென்ஸில் கை வைக்கவே தயங்குகிறார் என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

ஆன்டனி எட்வர்ட்ஸின் ஜார்ஜியா பல்கலைக்கழக நாட்கள் இதற்கு நல்ல சாட்சி. 2019-20-ல் அணி 16-16. அவருடைய சராசரி 19.1 புள்ளி, ஆனால் களத்திலிருந்து 40 சதவீதம், த்ரீ பாயிண்டரில் 29 சதவீதம். ஓர் ஆட்டத்துக்கு ஏழுக்கு மேல் த்ரீ பாயிண்டர் எறிந்து 29 சதவீதம் என்றால், பொறுப்பில்லாமல் எறிகிறவர் என்று அவரை ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். நானும் கொஞ்சம் ஒதுக்கினேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு மவுயி போட்டியில் மிச்சிகன் ஸ்டேட்டோடு ஓர் ஆட்டம். ஜார்ஜியா பெரிய வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது. எட்வர்ட்ஸ் எடுத்த 37 புள்ளியில் 33 இரண்டாம் பாதியில் வந்தது. அணி தோற்றது, 93-85. அன்று ஏட்டைப் பார்த்தவர்கள் தோல்வியைப் பார்த்தார்கள், ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒரு பையன் ஒரு பெரிய அணியைத் தனியாளாகத் துரத்திக்கொண்டு வந்ததைப் பார்த்தார்கள். டிராஃப்டில் என்பிஏ அணியான மின்னசோட்டா அவரை முதல் இடத்தில் எடுத்தது. 2024-25-ல் என்பிஏவிலேயே அதிகமாக, 320 த்ரீ பாயிண்டர் போட்டவர் அதே எட்வர்ட்ஸ், கிட்டத்தட்ட 40 சதவீதத்தில். கையில் கோளாறு இருந்ததில்லை. எறிய வேண்டிய கட்டாயத்தில்தான் கோளாறு.

இதே அளவுகோலை பென் சிம்மன்ஸ் மேல் வைத்துப் பாருங்கள். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்), 2015-16. சராசரி 19.2 புள்ளி, 11.8 ரீபவுண்ட், 4.8 அசிஸ்ட். ஏட்டளவில் எட்வர்ட்ஸைவிட எவ்வளவோ அழகான எண்கள். அணி தோற்கும் அணி என்று சொல்ல முடியாது, 19-14. ஆனால் நாடே எதிர்பார்த்த ஓர் அணி அன்று 68 அணிகள் ஆடிய, கல்லூரிகளின் தேசியப் போட்டியான என்சிஏஏ போட்டிக்குத் தேர்வாகாமலேயே போனது. கடைசி ஆட்டம் டெக்சஸ் ஏ அண்ட் எம்முடன்: 71-38. முப்பத்தெட்டு! அந்த சீசன் முழுவதும், 33 ஆட்டத்தில், சிம்மன்ஸ் எறிந்த த்ரீ பாயிண்டர் மொத்தம் 3. உள்ளே போனது 1. அணிக்கு வெளியிலிருந்து புள்ளி தேவைப்பட்ட நேரங்களில் அவர் பந்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நகர்ந்தார். அது பெருந்தன்மை என்று அப்போது எழுதினார்கள். பிறகு என்பிஏவில் பிலடெல்பியாவுக்கு ஆடியபோது, 2021-ல் அட்லான்டாவுடனான தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், கூடைக்கு நேர் கீழே, கையை உயர்த்தினால் போதும் என்ற இடத்தில் நின்றுகொண்டு அவர் பந்தைச் சகாவிடம் கொடுத்தார். அதைப் பார்த்து அதிர்ச்சியடைந்தவர்கள் எல்எஸ்யூவைப் பார்க்காதவர்கள்.

இவர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தோற்கும் அணி திறமையை மறைப்பதில்லை. சொல்லப்போனால் வெல்லும் அணிதான் மறைக்கிறது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்து. 38-1 கென்டக்கியில் டவுன்ஸோடு இருந்த இன்னொரு பையனை நினைத்துப் பாருங்கள். மாற்று ஆளாக வந்து ஆடியவர், சராசரி 10 புள்ளி, டிராஃப்டில் 13-வது இடம். பெயர் டெவின் புக்கர்.

அந்தப் புக்கரின் என்பிஏ பயணம் கல்லூரிக்கு வெளியே நடந்தது என்றாலும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2017 மார்ச் 24, பாஸ்டனில் 20 வயதில் 70 புள்ளி எடுத்தார். அவருடைய அணியான ஃபீனிக்ஸ் தோற்றது, 130-120. அந்த ஆண்டு ஃபீனிக்ஸ் 24-58, இரண்டு ஆண்டு கழித்து 19-63. “வெற்றுப் புள்ளி” என்ற வசை அவர் மேல் ஒட்டியது போல வேறு யார் மேலும் ஒட்டியதில்லை. தோற்றுக்கொண்டிருக்கும்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்து, கடிகாரத்தை நிறுத்தி, அந்த 70-ஐ எட்டவைத்தார்கள் என்று கேலி வேறு. அப்புறம் 2020-ல் அனுபவம் மிக்க ஆட்டக்காரர் கிறிஸ் பால் வந்து சேர்ந்தார். அந்த சீசன் 51-21, அணி இறுதிப்போட்டி வரை போனது. புக்கர் மாறவில்லை என்று சொல்ல மாட்டேன், டிஃபென்ஸில் நிறையவே மாறினார். ஆனால் அந்தக் கை, அந்தக் கால்வைப்பு, இரண்டு பேர் மறிக்கும்போதும் தடுமாறாத அந்த நிதானம் எல்லாம் 19-63-லேயே இருந்தவை.

இந்த விவாதத்தில் பீட் மாரவிச் பெயர் வராமல் போகாது. அவர் இல்லாமல் பேசினால் அது கல்யாணத்தில் மாப்பிள்ளையை விட்டுவிட்ட மாதிரி. அவர் வருவதற்கு முந்தைய சீசனில் எல்எஸ்யூ 3 வெற்றி, 23 தோல்வி. அப்பா பிரெஸ் மாரவிச்தான் கோச். முதலாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி, ஆகவே பீட்டுக்குக் கிடைத்தது மூன்றே சீசன், 1967 முதல் 1970 வரை. 83 ஆட்டம், 3,667 புள்ளி, சராசரி 44.2. த்ரீ பாயிண்ட் கோடு கிடையாது, ஷாட் கிளாக்கும் கிடையாது. அணி முதல் ஆண்டு 14-12, இரண்டாம் ஆண்டு 13-13, கடைசி ஆண்டு 22-10. என்சிஏஏ போட்டிக்கு ஒரு முறைகூடப் போகவில்லை.

1970 பிப்ரவரி 7 அன்று அலபாமாவுக்கு எதிராக 69 புள்ளி எடுத்தார். எல்எஸ்யூ 106-104 என்று தோற்றது. இரண்டு வாரம் கழித்து கென்டக்கிக்கு எதிராக 64. அதிலும் தோல்வி, 121-105. இந்த இரண்டு ஆட்டத்தையும் வைத்துக்கொண்டே அவரைப் புகழ்பவர்களும் இகழ்பவர்களும் அரை நூற்றாண்டாகச் சண்டை போடுகிறார்கள். இகழ்பவர்கள் பக்கம் ஒரு வலுவான எண் உண்டு. அந்த 83 ஆட்டத்தில் அவர் 3,166 முறை கூடையை நோக்கி எறிந்தார், ஓர் ஆட்டத்துக்கு 38. ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஏறத்தாழ 1 புள்ளி வருகிறது. உள்ளே போனது 44 சதவீதம், அந்தக் காலத்துக்குச் சராசரியை ஒட்டிய எண்தான். அதாவது மகா மேதை என்று கொண்டாடப்படுபவர், எறிதலுக்கு எறிதல் பார்த்தால், ஒரு சராசரி ஆட்டக்காரர் அளவுக்குத்தான் தேறுகிறார்.

நான் இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன், முடிவை ஏற்கவில்லை. சராசரி ஆட்டக்காரரை ஓர் ஆட்டத்துக்கு 38 முறை எறியச் சொல்லிப் பாருங்கள். எதிரணி முழுவதும் அவர் ஒருவருக்காகவே திட்டம் போட்டு வந்திருக்கும்போது, மூன்று ஆண்டு இடைவிடாமல், அதே 44 சதவீதத்தை அவரால் காப்பாற்ற முடியுமா? பத்தாவது எறிதலிலேயே 35-க்கு இறங்கிவிடும். அதோடு மாரவிச் பாஸ் கொடுக்கிற விதம் அன்று யாரிடமும் இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்தும், காலுக்கு நடுவிலிருந்தும், பார்க்காமலேயும் கொடுப்பார். பல பாஸ்கள் வாங்க வேண்டியவர் எதிர்பார்க்காமல் அவர் மார்பில் பட்டுக் கீழே விழுந்தன. அது மாரவிச்சின் தவறா, வாங்கியவரின் தவறா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. சகாவின் கைக்கு எட்டாத பாஸ் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன என்று சில நாள் தோன்றும். அவருக்கு ஒரே ஒரு நல்ல சகா கிடைத்திருந்தால் எப்படியிருக்கும் என்று சில நாள் தோன்றும். அப்பாவே கோச்சாக இருந்து “நீயே எறி” என்று விட்டதும் இதில் சேர்த்தி. வேறு யார் கோச்சாக இருந்தாலும் 38 எறிதலை 25 ஆக்கியிருப்பார், புள்ளி குறைந்திருக்கும், ஒருவேளை அந்த 13-13 இன்னும் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

அந்த 3,667-ஐ அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்கள் ஆட்டத்தில் யாரும் நெருங்கவில்லை. 2023-ல் டெட்ராய்ட் மெர்சியின் ஆன்ட்வான் டேவிஸ் நெருங்கினார். அவருக்கும் அப்பாதான் கோச், மைக் டேவிஸ். கொரோனாவால் கிடைத்த கூடுதல் ஆண்டோடு ஐந்து சீசன், 144 ஆட்டம், 3,664 புள்ளி. மூன்றே புள்ளி குறைவு, ஒரே ஒரு த்ரீ பாயிண்டர்! அந்த சீசன் அணி 14-19. கடைசி ஆட்டத்தில் யங்ஸ்டவுன் ஸ்டேட்டுக்கு எதிராக 26 முறை எறிந்து 7 மட்டும் உள்ளே போனது. அதன் பிறகு எந்தப் போட்டிக்கும் டெட்ராய்டுக்கு அழைப்பு வரவில்லை, அழைக்கும்படியான கணக்கும் இல்லை. டிராஃப்டில் அவர் பெயர் வரவில்லை. உயரத்திலும் உடல் கனத்திலும் அவருக்கு இருந்த குறை அதற்கு முக்கியக் காரணம். டேவிஸ் அபாரமாக எறிபவர், 588 த்ரீ பாயிண்டர் என்ற சாதனை அவருடையது. ஆனால் மிகச் சிறந்தவர் என்ற பட்டியலில் அவரை நான் வைக்க மாட்டேன். தோற்றதால் அல்ல. எறிவதைத் தவிர அவர் ஆட்டத்தில் எதிரணி பயப்பட வேறொன்று இல்லை என்பதால். அடுத்த ஆண்டே பெண்கள் ஆட்டத்தில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் 3,667-ஐத் தாண்டி 3,951-ல் நின்றார். எறிந்த அளவுக்கு அவர் பாஸும் கொடுத்தார், அணியும் இரண்டு முறை இறுதிப்போட்டிக்குப் போனது.

விருதுகள் இந்த விஷயத்தில் நமக்கு உதவாது. கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய விருதுகள் வென்ற அணிகளின் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான நெய்ஸ்மித் விருது மாரவிச்சுக்குக் கிடைத்ததும் 22-10 ஆண்டில்தான். மற்ற இடங்களில் விதிவிலக்குகள் உண்டு. 1956-ல் நோட்ர டாமின் பால் ஹார்னங், 2-8 அணியில் ஆடி கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். 1975-76-ல் கரீம் அப்துல்-ஜப்பார், 40-42 லேக்கர்ஸில் இருந்துகொண்டு என்பிஏவின் எம்விபி (ஆண்டின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஆனார். கரீமை யாராவது வெற்றுப் புள்ளிக்காரர் என்றார்களா? முன்பே வென்று காட்டியவருக்குத் தோல்வி மன்னிக்கப்படும். 18 வயதுப் பையனுக்கு அந்த முன்கணக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது கடைசி எட்டு நிமிடம். அணி 15 புள்ளி பின்தங்கியிருக்கிறது, ஜெயிக்க வழியில்லை, அரங்கில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நானும் கல்லூரியில் தோற்கும் அணியில்தான் ஆடினேன் (நட்சத்திரமாக அல்ல, நட்சத்திரத்துக்குத் தண்ணீர் கொடுப்பவனுக்கு ஒரு படி மேலே). அந்த நேரத்தில் கால் எப்படிக் கனக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பந்து பறிபோனதும் கையை விரித்து நடுவரைப் பார்க்கத் தோன்றும், திரும்பி ஓடத் தோன்றாது. அந்த நேரத்திலும் திரும்பி ஓடுகிறவர் யார்? இரண்டு பேர் மேலே விழும்போது, அதுவரை ஆறு முறை தவறவிட்ட சகாவுக்கு ஏழாவது முறையும் பாஸ் கொடுக்கிறவர் யார்? அல்லது, சிம்மன்ஸ் மாதிரி, எறிய வேண்டிய நேரத்தில் பாஸ் கொடுத்து ஒளிந்துகொள்கிறவர் யார்? இவை ஏட்டில் வராது. வீடியோவில் வரும்.

இப்போது ரட்கர்ஸ். அந்த அணி சீசனின் தொடக்கத்திலேயே கென்னசா ஸ்டேட்டிடம் தோற்றது. அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது, இரண்டு பதினெட்டு வயதுக்காரர்களைச் சுற்றி எதுவும் கட்டப்படவில்லை என்று. எதிரே வந்த அணிகளில் கொரோனா ஆண்டாலும், அணி மாறும் விதிகள் தளர்ந்ததாலும், 22, 23 வயது ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பையன்களுக்கும் ஆண்களுக்கும் நடந்த ஆட்டம் அது. பெய்லி இந்தியானாவில் 39 புள்ளி எடுத்த அன்றும் தோல்விதான். எறிகிற கையைப் பார்த்தால் அவர்தான் கண்ணைக் கவருகிறவர், கஷ்டமான எறிதலை இயல்பாகப் போடுவார். ஆனால் சராசரி 17.6 புள்ளிக்கு 1.3 அசிஸ்ட். பந்து அவரிடம் போனால் திரும்பி வராது. ஹார்ப்பரின் கணக்கு 19.4 புள்ளியோடு 4 அசிஸ்ட். சீசன் நடுவில் காய்ச்சலிலும் கணுக்கால் வலியிலும் விழுந்தவர். இடமே இல்லாத களத்தில் அவரால் கூடை வரை போக முடிந்தது. போன பிறகு மூலையில் நிற்கும் ஆள் கண்ணில் பட்டது. அந்த ஆள் எறிந்தது உள்ளே போனதா இல்லையா என்பது ஹார்ப்பர் கையில் இல்லை.

அதனால் அந்த 15-17 அணியில் ஒருவரை மிகச் சிறந்தவர் என்று சொல்லச் சொன்னால் ஹார்ப்பரைச் சொல்வேன். பெய்லிக்கு இன்னும் நாலு வருஷம் கொடுத்துவிட்டுச் சொல்கிறேன். எட்வர்ட்ஸ் விஷயத்தில் ஒரு தடவை சூடுபட்டவன் நான்.